பாஸ்போர்ட்டில் முன்சாமி

குடியாத்தம் ஸ்டேஷனில் மாலையோடு நின்ற போதகர்
வெளிநாட்டு மிஷனரி எந்தப் பெட்டி என்று
என்னிடமே கேட்டார்.
நான்தான் என்றேன் ஆங்கிலத்தில்.
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
இன்னும் யாராவது இறங்குகிறார்களா என.

பாஸ்போர்ட்டில் இலைசா முன்சாமி.
பிறந்தது ஃபிஜி, லம்பாசா, கரும்பாலைக்கு இந்தப் பக்கம்.
எங்கள் முப்பாட்டனைக் கப்பலேற்றிய காகிதத்தில்
ஜில்லா வட ஆற்காடு;
கிராமத்தின் பெயர் மேல் மை கொட்டியிருக்கிறது.
அதைத் தேடி நான் வரவில்லை.
சபை அனுப்பியது. இரண்டு வருடம்,
விடுதிப் பையன்களும் ஞாயிறு பள்ளியும்.
சொன்னால் யார் கேட்கிறார்கள்,
ஆளுக்கொரு கிராமத்தின் பெயரைச் சொல்லி
முகஜாடை பார்க்கிறார்கள்.

எனக்கு முன் இருந்த டச்சுக்காரப் பெண்
வணக்கம் என்றதும் சபையே கைதட்டியதாம்.
நான் நாற்பது சொல் கோத்துப் பேசினேன்.
திக்குவாயா தம்பி, என்றார் பூக்கடைக்காரர்,
இரக்கத்தோடு ஒரு முழம் கூடுதலாக அளந்து.

வேலூர்ப் பக்கம் என்றால் வெயில்
என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.
டிசம்பரில் பல் தந்தியடிக்கும் என்று
ஒருவரும் மூச்சுவிடவில்லை.
எங்கள் கிறிஸ்மஸ் புழுக்கத்தில் வரும்.
குழி வெட்டிக் கல் சுடவைத்து
பன்றியையும் கிழங்கையும் புதைத்துவிட்டு
ஆற்றில் விழுவோம்.
தேங்காய்ப்பாலில் சேம்பிலை மடித்து
ஒன்று வேகும், பெயர் பலுசாமி.
அது யாரு, உங்க சித்தப்பாவா?
விடுதி முழுக்கச் சிரிப்பு.

இருபத்து மூன்றாம் தேதி, கேரல் ரவுண்ட்ஸ்.
டாடா ஏஸ், ஜெனரேட்டர், ஒரு டிரம்.
தாத்தா வேஷம் கட்டவேண்டிய சற்குணராஜுக்குக் காய்ச்சல்.
அவர் ஸ்வெட்டரும் எனக்கு, முகமூடியும் எனக்கு.
ரப்பர் முகம், ரோஸ் கன்னம்,
உள்ளே போன வருடத்து வியர்வை வாசம்.
ஃபாரின் தாத்தா, இங்கிலீஷ்ல பேசு, என்றன பிள்ளைகள்.
பேசினேன்.
எங்கிருந்து வர்றீங்க?
தூரத்துக் கடலில் ஒரு தீவு என்றேன்.
நம்பினார்கள்.
ஆறு மாதமாகச் சொல்லிவந்த அதே உண்மை,
ரப்பர் உதட்டால் சொன்னதும்.

செதுக்கரையில் சுகிர்தம் அக்கா வீடு.
பீடி இலை நனைத்த சாக்கை ஓரம் தள்ளி
நாற்காலி போட்டார்.
கையில் போன், போனுக்குள் மஸ்கட்,
மஸ்கட்டில் ஈரத்தலையோடு அவர் மகன்.
பாருடா, தாத்தா வந்திருக்காரு.
எந்த ஊரு தாத்தா? என்றான் திரையிலிருந்து.
விளையாட்டாக, குடியாத்தம் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
அம்மா, இவரு நம்ம ஊரு இல்ல, என்றான்.
பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி,
சாப்பாடெல்லாம் ஒத்துக்குதாண்ணே?

முகமூடியைக் கழற்றி டீ குடித்தேன்.
கன்னம் ஈரமாக இருந்தது, வியர்வைதான்.
வெளியே டிரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

இருபத்தைந்து, விடியுமுன் ஆராதனை.
லம்பாசாவில் இந்நேரம் குழியைத் திறந்திருப்பார்கள்.
எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வாசிக்கக் கொடுத்திருந்தார்கள்,
மூன்று வாரம் விடுதியில் ஒத்திகை.
எழுந்தேன். மைக் ஒருமுறை ஊளையிட்டது.
சத்திரத்தில் இடமில்லை என்பதை
சித்திரத்தில் இடமில்லை என்று வாசித்தேன்,
தெளிவாக, நிறுத்தி.

முதலில் பையன்கள். பிறகு பாடகர் குழு.
போதகர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.
மூன்றாம் வரிசையில் சுகிர்தம் அக்கா
முந்தானையை வாயில் அடைத்தபடி
இன்னொரு கையால் போனை
உயர்த்திப் பிடித்திருந்தார், என் பக்கமாக.